மேடைப் பேச்சிலிருந்து நாடாளுமன்ற முறை விவாதத்துக்கு: எப்படிப் பழகுவது?

வைகை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில்தான். தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறேன்; ஊர்த் திருவிழாப் பட்டிமன்றங்களில் ஒட்டியும் வெட்டியும் பேசிய பழக்கமும் உண்டு. அந்தத் துணிச்சலில்தான் கல்லூரியின் விவாத மன்றத்தில் சேர்ந்தேன். அங்கே நடப்பதோ வேறு வகையாக இருக்கிறது. நான்கு அணிகள், அணிக்கு இருவர்; தலைப்பை ஒட்டி இரண்டு அணிகள், வெட்டி இரண்டு அணிகள். மோஷன் என்று அவர்கள் சொல்லும் தலைப்பை அறிவித்த 15 நிமிடத்தில் முதல் பேச்சாளர் எழுந்துவிட வேண்டும். எந்தப் பக்கம் பேசுவது என்பதையும் அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடக்கூடாது.

ஒருவருக்கு ஏழு நிமிடம். எனக்கோ மூன்றாவது நிமிடத்துக்குள் சரக்குத் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு சொன்னதையே வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுவராக அமரும் மூத்த மாணவர்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு குறைகளைச் சொல்கிறார்கள்: நான் வலியுறுத்துகிறேனே தவிர நிறுவுவதில்லை, எதிரணியின் வாதத்தைத் தொடுவதே இல்லை. எப்படி நிறுவுவது என்று கேட்டால், பேசப் பேச வரும் என்கிறார்கள். போட்டிகளில் பேசியவர்களும் நடுவராக இருந்தவர்களும் இதை எந்த வரிசையில் பழக வேண்டும் என்று கூறினால் உதவியாக இருக்கும். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருப்பதால் எனக்கு உள்ள தயக்கத்தையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பழைய கொறடா:

தங்கைக்கு வணக்கம். பேசப் பேச வரும் என்பது பாதி உண்மைதான். பேசிய பேச்சையே திருத்தி மறுபடியும் பேசினால்தான் வரும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடுவர் எதை எடைபோடுகிறார் என்பது தெளிவாக வேண்டும்.

நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை. 1981-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி இப்போது இம்முறையில்தான் நடைபெறுகிறது. 2013 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2014 புத்தாண்டை ஒட்டி முடிந்த அதன் ஓர் ஆண்டுப் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது. பட்டிமன்றத்தில் கைதட்டலே பாதித் தீர்ப்பு. ஆக்ஸ்போர்டு யூனியன் என்ற விவாத மன்றத்தின் புகழ்பெற்ற விவாதங்களிலும் அவையோரின் வாக்குதான் முடிவு. மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிடுவதில்லை என்ற தீர்மானம் 1933 பிப்ரவரி 9 அன்று 275-க்கு 153 என்ற கணக்கில் அங்கே வென்றது அப்படித்தான். போட்டி விவாதத்தில் அந்த வழி கிடையாது. நடுவர் குழு தனியே கலந்து பேசி நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கு 3 புள்ளி தொடங்கிக் கடைசி இடத்துக்குச் சுழியம் வரை வழங்கி, ஏன் இந்த வரிசை என்பதைப் பேச்சாளர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அப்படி விளக்கும்போது, இவர் நன்றாகப் பேசினார் என்று சொல்லி ஒரு நடுவர் தப்பித்துவிட முடியாது. எந்த வாதம் நிறுவப்பட்டது, அதற்கு யார் பதில் சொன்னார், பதிலுக்குப் பிறகும் எது மிஞ்சியது என்று அவர் சொல்லியாக வேண்டும். ஆகவே அவர் கையில் இருக்கும் தாளில் என்ன எழுதப்படும் என்பதை நினைத்தே நீங்கள் பேச வேண்டும். அவர் தம்மை நாளிதழ் படிக்கிற, நியாயத்துக்குச் செவிசாய்க்கிற, எத்துறையிலும் நிபுணர் அல்லாத ஒரு வாக்காளராகப் பாவித்துக்கொண்டுதான் அங்கே அமர்ந்திருக்கிறார்.

இனி நிறுவுவது எப்படி என்பதற்கு வருவோம். "இந்த அவை, நகரப் பேருந்துகளில் அனைவருக்கும் கட்டணமில்லாப் பயணத்தை நடைமுறைப்படுத்தும்" என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதால், இத்தலைப்பு நமக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. ஒட்டிப் பேசும் புதியவர் என்ன சொல்வார்? ஏழைகள் பயனடைவார்கள், நெரிசல் குறையும், காற்று தூய்மையாகும். மூன்றும் மூன்று வாக்கியங்கள்; ஒரு நிமிடம்கூடத் தாங்காது. உங்களுக்குச் சரக்குத் தீர்ந்துபோவது இதனால்தான்; சொல்லாமல் விடுபட்ட கண்ணிகள் ஏராளம்.

நெரிசல் குறையும் என்பதையே எடுத்துக்கொள்வோம். யாருடைய வண்டி சாலையிலிருந்து விலகும்? இருசக்கர வண்டி வைத்திருப்பவர் ஏற்கெனவே பெட்ரோலுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பேருந்தில் ஏறவிடாமல் தடுப்பது பயணச்சீட்டின் விலையா, நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரமா? காத்திருக்கும் நேரம்தான் என்றால், கட்டணத்தை நீக்குவதால் அவர் வண்டியை விட்டு இறங்கப்போவதில்லை. எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2013-இல் தன் குடியிருப்பாளர்களுக்குக் கட்டணத்தை நீக்கியபோது, பேருந்துக்குப் புதிதாக வந்தவர்களில் கணிசமானோர் முன்பு நடந்து சென்றவர்களே என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இதை அறிந்த எதிரணி உங்கள் நெரிசல் வாதத்தை அரை நிமிடத்தில் முடித்துவிடும். லக்சம்பர்க் 2020-இல் நாடு முழுவதும் கட்டணத்தை நீக்கியது என்று நீங்கள் பதிலுக்கு எடுத்துக்காட்டுச் சொன்னாலும் பயனில்லை. ஓரிடத்தில் நடந்தது என்பது, அது ஏன் நடந்தது, நம் ஊரிலும் ஏன் நடக்கும் என்பதற்கு விடையாகாது.

எனவே வலுவான இடத்தைத் தேடுங்கள். புறநகரில் குடியிருக்கும் ஒரு கட்டடத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வேலை இருக்கும் இடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அன்றைக்கு வேலை கிடைக்குமா என்பதே உறுதியில்லை. கிடைக்காவிட்டால் போக வர ஆன செலவு கைநட்டம். ஆகவே அவர் பக்கத்தில் கிடைக்கும் குறைந்த கூலியை ஒப்புக்கொள்கிறார். அங்குள்ள ஒப்பந்தக்காரருக்கும் அது தெரியும் என்பதால் கூலியை உயர்த்த அவருக்குத் தேவை எழுவதில்லை. கட்டணம் நீங்கினால், வேலை தேடிப் பார்ப்பதற்கான செலவு நீங்குகிறது. தேடும் வட்டம் விரிகிறது. பேரம் பேசும் வலிமை சற்றே கூடுகிறது. இப்போது ஏழைகள் பயனடைவார்கள் என்ற அதே வாக்கியம் இரண்டு நிமிடப் பேச்சாகிவிட்டது. யார், இன்று என்ன செய்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார், நாளை எது மாறுவதால் வேறு மாதிரி செய்வார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே போனால் அதுதான் நிறுவுதல். மெக்கானிசம் என்று உங்கள் மன்றத்தில் சொல்வார்களே, அது இவ்வளவுதான்.

எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு இல்லை. போக்குவரத்துக் கழகத்தின் வருவாய் நின்றால் புதிய பேருந்து வாங்கும் பணம் எங்கிருந்து வரும், வசதியுள்ளவருக்கும் சேர்த்துக் கொடுக்கும் அதே பணத்தில் பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன என்று அது கேட்கும். பேருந்து ஒன்றுதான் வழி என்று இருக்கும் பெண், கூட்டம் பிதுங்குவதால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க நேர்ந்தால், இந்தத் திட்டம் யாருக்காக வந்ததோ அவரையே தாக்குகிறது என்று வாதிடும். இங்கேதான் விவாதம் உண்மையில் தொடங்குகிறது. கட்டணமில்லாத பேருந்தா, அடிக்கடி வரும் பேருந்தா, இவற்றில் அதே ஏழைக்கு எது கூடுதல் பயன் தரும்? அந்த ஒப்பீட்டை நீங்கள் செய்யாமல் விட்டால் நடுவர் தாமே செய்துகொள்வார். அது உங்களுக்குச் சாதகமாக அமையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூட்டம் கூடும் என்பதை ஒப்புக்கொண்டாலும், கூட்டம் நெருக்குவது காலை மாலை நேரங்களில் மட்டும், பணமின்மை நாள் முழுவதும் நெருக்குகிறது என்று நீங்களே எடைபோட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றுதான். ஒரு விவாதம் முடிந்து நடுவர் குறை சொன்ன அன்றே, அதே பக்கத்தில், அதே ஏழு நிமிடப் பேச்சைத் திருத்தி மறுபடியும் பேசுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். ஒவ்வொரு வாரமும் புதுத் தலைப்பாகப் பேசிக்கொண்டே போகிறவர்கள் அதே பிழையைப் புதுத் தலைப்புக்கும் எடுத்துச் செல்கிறார்கள். தயாரிப்பு நேரமான 15 நிமிடத்தில் முதல் சில நிமிடங்களை இருவரும் பேசாமல் தனித்தனியே எழுதுவதற்கு ஒதுக்கிவிட்டுப் பிறகு தாள்களை ஒப்பிட்டால், இரண்டு மூளைகள் ஒரே தடத்தில் ஓடாமல் இருக்கும்.

தஞ்சைத் தமிழாசிரியர்:

மேலே எழுதிய நண்பர் சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் மேடைப் பேச்சுப் பழக்கத்தைப் பழைய துணி போல ஓரத்தில் எறிந்துவிடலாம் என்ற தொனி அதில் கேட்கிறது. அது எல்லா முறைக்கும் பொருந்தாது. பள்ளி மாணவர்களுக்காக 1988 முதல் நடக்கும் உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் 100 மதிப்பெண்ணில் உள்ளடக்கத்துக்கு 40 என்றால், பேசும் பாங்குக்கும் அதே 40 உண்டு; எஞ்சிய 20 உத்திக்கு. அங்கே அணிக்கு மூவர், ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம், அதன்பின் 4 நிமிடத்தில் முடிப்புரை. அம்முறையில் குரலின் ஏற்ற இறக்கமும், அவையைப் பார்த்துப் பேசும் பழக்கமும், சரியான இடத்தில் நிறுத்தத் தெரிவதும் நேரடியாக மதிப்பெண் பெறுகின்றன. பல்கலைக்கழக முறையில் பாங்குக்குத் தனி மதிப்பெண் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் நடுவர் ஒரு வாதத்தைப் பின்தொடர்ந்து எழுத முடியாதபடி பேசினால் அந்த வாதம் அவர் தாளில் ஏறாது.

தங்கை களைய வேண்டியது மனப்பாடத்தை. நம் பேச்சுப் போட்டிகளில் தலைப்பு முன்கூட்டியே கிடைக்கிறது. ஆசிரியர் எழுதிக் கொடுக்கிறார். மாணவர் உருப்போட்டு ஒப்பிக்கிறார். இதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. அப்படிப் பழகிய நாவுக்கு, எதிரே இருப்பவர் சற்று முன் சொன்னதிலிருந்து தன் முதல் வாக்கியத்தைத் தொடங்குவது கடினமாக இருக்கும். நான் என் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி எளிது. நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்றை ஒருவர் உரக்கப் படிப்பார்; மற்றவர் தாளில் எதுவும் எழுதாமல் கேட்டுவிட்டு, முதலில் கட்டுரையாளரே ஒப்புக்கொள்ளும்படி அவர் வாதத்தைச் சுருக்கிச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் மறுக்கத் தொடங்கலாம். தொடக்கத்தில் பெரும்பாலோர் சுருக்கிச் சொல்வதிலேயே தடுக்கி விழுவார்கள். எதிரணியின் வாதத்தை நொண்டியாக்கி மறுப்பவரை நடுவர் உடனே கண்டுகொள்வார்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். இணையத்தில் கிடைக்கும் இறுதிச் சுற்றுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மூச்சுவிடாமல் பொழிவதே திறமை என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் வேகமாகப் பேசுவது, சொல்வதற்கு அவ்வளவு இருப்பதால்.

யாழ் விவாதி:

வணக்கம். நான் பாடசாலை மாணவர்களைத் தமிழ் விவாதத்துக்குப் பழக்கி வருகிறேன். எங்கள் விவாதங்களில் அணித்தலைவர் இறுதியில் தொகுப்புரை வழங்குவது வழக்கம்; தொகுப்புரை வெல்வதும் தோற்பதும் அதற்கு முன்பு எடுத்த குறிப்பைப் பொறுத்தது என்பதால், குறிப்பெடுப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு தாளை அகலவாக்கில் வைத்து, பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரல் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் முறை என்றால் எட்டு நிரல்கள். முதற்பேச்சாளரின் வாதம் ஒன்றை முதல் நிரலில் எழுதினால், அதற்கு எதிரணியினர் சொன்ன மறுப்பை அதே நேர்கோட்டில் அடுத்த நிரலில் எழுதி அம்புக்குறியால் இணையுங்கள். உங்கள் முறை வரும்போது தாளைப் பார்த்தாலே, எந்த வாதத்துக்கு அம்பு இல்லை, அதாவது யாரும் பதில் சொல்லவில்லை என்பது கண்ணில் படும். அவ்வாதம் உங்கள் பக்கத்ததாயின் அதை நடுவருக்கு நினைவூட்டுங்கள். எதிர்ப்பக்கத்ததாயின் முதலில் அதற்கே பதில் சொல்லுங்கள். வாக்கியங்களை அப்படியே எழுத முயல வேண்டாம். "கட்டணம் நீங்கும் → வேலை தேடும் வட்டம் விரியும்" என்ற அளவு போதும். சொந்தப் பேச்சுக்கு வேறு நிறப் பேனாவைப் பயன்படுத்தினால் குழப்பம் குறையும்.

இடையீட்டுக் கேள்விகளையும் இந்தத் தாளிலிருந்தே எடுக்கலாம். உங்கள் முறையில் பேச்சின் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் கேள்வி கேட்க இயலாது. இடைப்பட்ட ஐந்து நிமிடத்தில் எழுந்து நின்று அனுமதி கேட்கலாம், பேச்சாளர் ஏற்றால் 15 விநாடிக்குள் கேட்டு முடிக்க வேண்டும். மாணவர்கள் அந்த 15 விநாடியில் ஒரு சிற்றுரை ஆற்றப் பார்க்கிறார்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பேச்சாளருக்குச் சங்கடம் தரும் ஒற்றைக் கேள்வியே போதும். மேலே சொன்ன தலைப்பில் எதிரணியாக இருந்தால், "பேருந்து அரை மணிக்கு ஒருமுறை வரும் ஊரில், கட்டணத்தை நீக்கியபின் அது எப்போது வரும்?" என்று கேட்டுவிட்டு அமருங்கள். நீங்கள் பேசும்போது ஒரு கேள்வியையாவது ஏற்பதும் அவசியம். எல்லோரையும் கையமர்த்திவிட்டால், அஞ்சுகிறீர்கள் என்றே நடுவர் எடுத்துக்கொள்வார். ஏற்பதற்கு உகந்த தருணம், ஒரு வாதத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் உள்ள இடைவெளி.

வைகை மாணவி:

மூவருக்கும் நன்றி. பேருந்துத் தலைப்பையே எடுத்து, நண்பர் காட்டிய வழியில் எழுதிப் பார்த்தேன்; நேரம் போதவில்லை என்ற நிலை வந்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. வரும் வாரம் எங்களுக்குப் பிற்பாதி அணியில், அதாவது நம் தரப்பின் இரண்டு அணிகளில் பின்னால் பேசும் அணியில், இடம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் எழுவதற்குள் முற்பாதியினர் நான்கு பேர் பேசி முடித்திருப்பார்கள். நல்ல வாதங்கள் அனைத்தையும் அவர்கள் எடுத்துக்கொண்டால் நாங்கள் என்ன பேசுவது? அடுத்து, எனக்கு ஆங்கிலத்தில் சட்டென்று சொல் வராமல் நின்றுவிடுகிறது. இதற்கு மதிப்பெண் குறையுமா?

பழைய கொறடா:

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உச்சரிப்புக்கும் இலக்கணப் பிழைக்கும் மதிப்பெண் குறைக்கக் கூடாது என்றே நடுவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. உலகப் போட்டியில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட அணிகளுக்கும் அயல்மொழியாகக் கொண்ட அணிகளுக்கும் தனித்தனி இறுதிச் சுற்றுகளே உண்டு. தயாரிப்பு நேரத்தில் கூட்டாளியோடு தமிழிலேயே பேசி வாதத்தைக் கட்டுங்கள். ஆங்கிலத்துக்கு மாறும்போது சிறு வாக்கியங்களாக அமையட்டும். பொருளாதாரம், நீதித்துறை, பன்னாட்டு உறவு ஆகிய மூன்றிலும் அடிக்கடி வரும் சொற்கள் ஒரு குறிப்பேட்டில் அடங்கிவிடும். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை உயர்த்தினால் வீட்டுக்கடன் வாங்கியவருக்கு என்ன ஆகும் என்பதை ஆங்கிலத்தில் தடையின்றி விளக்க வந்துவிட்டால், அதே சொற்கள் இன்னும் பல தலைப்புகளுக்கு உதவும்.

பிற்பாதி அணிக்கு வருவோம். தலைப்பை ஒட்டிப் பேசும் அரசுத் தரப்பில் உங்களுக்கு இடம் என்றால், ஐந்தாவதாகப் பேசும் அரசு உறுப்பினர் முற்பாதி தராத ஒன்றைத் தந்தாக வேண்டும். அது முற்றிலும் புதிய வாதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முற்பாதியினர் வெறுமனே சொல்லிவிட்டுப் போனதை நீங்கள் நிறுவிக் காட்டினாலும் அது உங்கள் கணக்கில்தான் சேரும். பேருந்து விவாதத்தில் அவர்கள் தொழிலாளியைப் பற்றியே பேசியிருந்தால், சொந்த வருமானம் இல்லாத முதியவரை நீங்கள் எடுக்கலாம்: மருத்துவமனைக்குப் போகக்கூட மகனிடம் பணம் கேட்க வேண்டியிருப்பதால் நோய் முற்றும் வரை தள்ளிப்போடுகிறவர் அவர். இப்படி மூன்று நான்கு சாத்தியங்களைத் தயாரிப்பு நேரத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு, முற்பாதி பேசப் பேச அவர்கள் எடுத்துவிட்டதை அடித்துக்கொண்டே வாருங்கள். அடிபடாமல் நிற்பதைப் பேசுங்கள். ஒரே எச்சரிக்கை: உங்கள் பக்கத்து முற்பாதி அணியோடு போட்டியிடலாம், முரண்படக் கூடாது. செல்வந்தர்களுக்கும் கட்டணம் கிடையாது என்று அவர்கள் சொல்லிவிட்ட பிறகு, ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நீங்கள் மாற்றினால் கடைசி இடம் உறுதி.

பிற்பாதி அணியின் இரண்டாவது பேச்சாளராக, அதாவது கொறடாவாகப் பேசப்போவது நீங்களா, கூட்டாளியா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நன்றாகக் கேட்டுக் குறிப்பெடுப்பவர்தான் அந்த இடத்துக்கு ஏற்றவர். எதிர்த்தரப்புக் கொறடாவாக அமைந்தால் புதிய வாதம் எதையும் கொண்டுவர இயலாது. அதுவரை நடந்த மோதலை இரண்டு மூன்று கேள்விகளாகத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் கூட்டாளி சொன்னதே தீர்வு தந்தது என்று காட்டுவதுதான் அவர் பணி. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன எட்டு நிரல் தாள் அங்கே முழுமையாகப் பயன்படும்.

வைகை மாணவி:

கூட்டாளியிடம் பேசிவிட்டேன். அவள் உறுப்பினராகப் பேசுகிறாள், கொறடா நான்.